உறுமியைக் கேளாத செவிகள்

எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசத்தின் ‘கலா’ என்னும் இசைத்தொகுப்பு 2007 ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்தது. அவ்வாண்டு பிறந்த குழந்தைகள் இன்று உயர்தரப் பரீட்சை எழுதும் வயதை எட்டிவிட்டார்கள். இத்தனை காலம் சென்றும் அத்தொகுப்பைப் பற்றிய வாதம் ஓயவில்லை. குருவிட்டப் பகுதித் தோட்டங்களிலும் பாடசாலைகளிலும் மேனாட்டு ரொக் இசையை விரும்பிக் கேட்கும் ஆசிரியரும் மாணவருமாகிய நாம் சிலர், அதனை முதலிலிருந்து முடிவுவரை மீண்டும் கேட்டு விவாதித்தபோது மூன்று கட்சிகள் எழுந்தன. ‘நம் இனத்துப் பெண் உலக மேடை ஏறினாள், அது போதும்’ என்பது ஒரு கட்சி. ‘இது இசையன்று, இரைச்சல்’ என்பது மற்றொன்று. ‘பாடியவர் இன்று எங்கே நிற்கிறார் என்று பாருங்கள், இவருடைய பாட்டு இனி நமக்கு எதற்கு?’ என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும் மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. மூன்றும் பாடகியைப் பற்றியே பேசுகின்றன. அத்தொகுப்பின் அடித்தளமாக ஒலிக்கும் தோற்கருவியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அந்த மௌனம் தற்செயலானதன்று என்பதே நம் வாதம்.

தொகுப்பு உருவான வரலாற்றைச் சுருக்கமாக நினைவிற் கொள்வோம். 1975இல் இலண்டனிற் பிறந்த மாதங்கி, கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். 1986இல் தாயோடும் உடன்பிறந்தாரோடும் அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தார். தென் இலண்டனில் ‘பிப்ஸ் பிரிட்ஜ் எஸ்டேட்’ என்னும் நகரசபைக் குடியிருப்பில் வளர்ந்தார். எஸ்டேட் என்றால் நமக்குத் தோட்டம். அந்நாட்டில் அது வறியோருக்கெனக் கட்டப்பட்ட அடுக்குமனைகளுக்கும் பெயர். உழைப்போரை ஊரின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் இடத்துக்கு இரு நாடுகளிலும் ஒரே சொல் வழங்குவதை நாம் கவனித்தல் தகும். 2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயராகிய ‘அருளர்’ என்பதைச் சூட்டினார். இரண்டாவதற்குத் தாயின் பெயரைச் சூட்டினார். அத்தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். புரட்சி பேசிய தந்தைக்குக் கிடைத்த புகழிற் பாதியும், ஊசி பிடித்த தாய்க்கு வரலாற்றில் கிடைப்பதில்லை. மகள் தன்னளவில் அக்கடனைத் தீர்த்தாள்.

இரண்டாம் தொகுப்பை அமெரிக்காவிலே பெரிய இசையமைப்பாளர்களோடு செய்வதென்பதே முதல் திட்டம். 2006இல் அந்நாடு நுழைவு அனுமதி தர மறுத்தது. மையத்தின் கதவு மூடப்பட்டதும் அவர் ஓரங்களை நோக்கிப் போனார். இந்தியா, திரினிடாட், லைபீரியா, யமேக்கா, அவுஸ்திரேலியா என ஊர் ஊராகப் பதிவு நடந்தது. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘போய்ஸ்’ ஆகிய பாடல்களுக்கு உயிரான உறுமி மேளம் சென்னையிற் பதிவாயிற்று. ‘ஜிம்மி’ என்ற பாடல் 1982இல் வந்த ‘டிஸ்கோ டான்ஸர்’ என்னும் இந்திப் படத்தின் பாடலொன்றைப் புதுப்பித்தது. உலகெங்கும் ஒலித்த ‘பேப்பர் பிளேன்ஸ்’, இங்கிலாந்தின் ‘கிளாஷ்’ குழுவினர் 1982இல் ‘கொம்பட் ரொக்’ என்னும் தொகுப்பில் வெளியிட்ட பாடலின் இசைத்துணுக்கின்மீது கட்டப்பட்டது. கிளாஷின் அப்பாடல், தொழிற்சாலைகள் மூடப்பட்டு வேலையிழந்தோரையும், பிழைப்புத் தேடி வந்து வாசலில் நிறுத்தப்பட்ட அந்நியரையும், வியட்நாமில் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற பிள்ளைகளையும் பற்றியது. ‘இது ரொக் இசையே அன்று’ என்று இலக்கணம் பேசும் நண்பர்கள், ரொக் இசை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் அடிமையாய் உழைத்த கறுப்பின மக்களின் சந்ததியார் பாடிய துயரப் பாட்டே அதன் வேர். தோட்டத்தில் பிறந்த இசையை ஓர் இலண்டன் எஸ்டேட்டிலிருந்து ஒருத்தி திரும்ப எடுத்துக்கொண்டாள் என்றால், தோட்டத்தில் வாழும் நாம் அதற்கு வியப்படைய வேண்டியதில்லை.

இனி, இரைச்சல் என்போரின் கட்சியை எடுத்துக்கொள்வோம். இவர்கள் முதலிற் சுட்டுவது ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலிடையே கேட்கும் துப்பாக்கி வெடியையும் பணப்பெட்டி திறக்கும் ஓசையையுமே. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கும் இவர்களுக்கும் இவ்விடயத்தில் பூரண உடன்பாடு. 2007இல் அங்கே ஒரு புகழ்பெற்ற இரவு நிகழ்ச்சியில் இப்பாடல் ஒளிபரப்பானபோது வெடியோசை மாற்றப்பட்டது. போர்ப் படங்களை ஓயாது காட்டும் நாட்டில் ஒரு பாட்டின் வெடியோசை மட்டும் செவிக்கு ஆகாததாயிற்று! அப்பாடலின் உட்கிடை என்ன? வந்தேறிகள் நம் பணத்தைப் பறிக்க வந்தவர்கள் என்று கடவுச்சீட்டு அதிகாரி முதல் பத்திரிகை ஆசிரியர்வரை வளர்த்த பயத்தை, சிறுவர் குரலில் கேலியாகத் திருப்பிக் கொடுப்பதே அது. கேலி உறைக்கவேண்டிய இடத்தில் உறைத்தது. ஆகவே ஓசை நீக்கப்பட்டது.

ஆனால் நம்மூர் இசைத்தூய்மைவாதிகளுக்கு வெடியோசை ஒரு சாக்கு மட்டுமே. அவர்களை உண்மையில் உறுத்துவது உறுமி. இடை சுருங்கிய இந்த இருமுகக் கருவியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, விலங்கின் உறுமல் போன்ற ஒலி எழும். மறு முகத்தில் அடி விழும். சபையில் மிருதங்கத்தின் தனியாவர்த்தனத்துக்குத் தலையசைப்போர், உறுமியின் அதே கணக்கு நுட்பத்தை ஏன் இரைச்சல் என்கிறார்கள்? இரண்டும் தோல், இரண்டும் தாளம். தோலைப் பதப்படுத்திக் கொடுப்பவரும் பெரும்பாலும் ஒரே மக்கள். வேற்றுமை, அதை அடிக்கும் கை எந்தச் சாதிக் கை என்பதில் இருக்கிறது. எனவே ‘இரைச்சல்’ என்னும் இச்சொல்லை நாம் இசை விமர்சனமாக ஏற்பதற்கில்லை. அது சாதி விமர்சனம். இசையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது.

பெருமைக் கட்சியினரோ நம் உறவினர் போன்றவர்கள். ஆகவே அவர்களோடு பேசுவது இன்னும் கடினம். 2009 பெப்ரவரியில் கிரமி விழா மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக மாதங்கி பாடியதை அவர்கள் கண்ணீரோடு நினைவுகூர்கிறார்கள். அவ்வேளையில் வன்னியில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். உலகின் பேரவைகள் வாய்மூடியிருந்த நேரத்தில் அவர் வாய் திறந்தார். அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ‘நம்மவள்’ என்னும்போது அந்த ‘நாம்’ யார்?

அவர் தந்தை அருளர், 1975இல் இலண்டனில் தோன்றிய ஈரோஸ் இயக்கத்தின் நிறுவுநர்களுள் ஒருவர். மலையகத் தோட்டத் தொழிலாளரையும் தன் அரசியலின் உள்ளே வைத்து எண்ணியது அவ்வியக்கத்தின் தனித்தன்மை. 1977 வன்செயலில் வீடிழந்தோரைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றிச்சென்ற கப்பலின் பெயராலேயே ‘லங்கா ராணி’ என்னும் நாவலையும் அருளர் எழுதினார். அந்த வன்செயலிலும், 1981 ஓகஸ்டில் நம் இரத்தினபுரி மாவட்டத்தில் நடந்த வன்செயலிலும், லயங்களை விட்டு ஓடிய தோட்ட மக்கள் பலர் வன்னியிற் குடியேறினர். அங்கே அவர்களை வரவேற்றது என்ன? பெரும்பாலும் பிறர் வயலிற் கூலி வேலை. இறுதியில் யுத்தத்தின் முன்வரிசை. ஏட்டிலே ‘நாம்’ என்று எழுதப்பட்டவர்கள் வயலிலே ‘தோட்டக்காட்டான்’ என்றே அழைக்கப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றோராக்கியபோதும், 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரைக் கப்பலேற்றத் தீர்மானித்தபோதும், ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் போராடி 2021இற்றான் அது வர்த்தமானியில் ஏறியபோதும், கிரமி மேடைக்குக் கைதட்டிய கைகளில் எத்தனை நமக்காக உயர்ந்தன? இனப் பெருமை மேடையில் நிற்பவரை மட்டுமே உறவு கொண்டாடும்; பெரட்டுக் களத்தில் நிற்பவரை அதற்குத் தெரியாது.

மூன்றாம் கட்சியே இன்று இளைஞரிடையே வலிமை பெற்றுவருகிறது. 2022இல் மாதங்கி தடுப்பூசிகளைப் பற்றி எழுதியவை பலரை அதிர்ச்சியுறச் செய்தன. இதழொன்று தரவிருந்த விருதையும் திரும்பப் பெற்றது. அதன் பின்னரும் அவர் பேச்சு முற்போக்காளர் மகிழும் திசையிற் செல்லவில்லை. அவற்றுக்கு நாம் வக்காலத்து வாங்கப் போவதில்லை. தொற்றுநோய்க் காலத்தில் லயக் காம்பிராக்களில் எட்டுப்பேர் ஒரே அறையில் கிடந்த மக்களிடையே வாழும் எவரும், தடுப்பூசியை விளையாட்டுப் பொருளாக்கும் பேச்சை மன்னிக்க இயலாது. ஆனால் அதனாற் ‘கலா’வைக் குப்பையில் எறிவதா? அரசபக்தராகிய பால்சாக்கின் நாவல்களிலிருந்து பிரெஞ்சுச் சமூகத்தைப் பற்றித் தாம் கற்றது பெரிது என்று 1888இல் ஏங்கெல்ஸ் எழுதியதை நம் நண்பர்கள் மறந்துவிட்டார்கள் போலும். ஆசிரியரின் கட்சி ஒன்றாகவும், படைப்பில் நுழைந்துவிட்ட உண்மை வேறொன்றாகவும் இருக்கக்கூடும். அதிலும் இசைத்தொகுப்பு என்பது நாவலைப்போல் ஒருவர் தனித்திருந்து எழுதுவதன்று. அதில் பலருடைய உழைப்புக் கலந்திருக்கிறது. பாடகி வழுவினார் என்பதற்காக உறுமி அடித்தவரின் உழைப்பையும் சேர்த்து எறிவது எந்த நீதி? உண்மையில் இக்கட்சியினரும் பெருமைக் கட்சியினரின் மறுபக்கமே. அவர்கள் ஒருத்தியைத் தெய்வமாக்கினார்கள். இவர்கள் அத்தெய்வம் உடைந்ததென்று அழுகிறார்கள். கோயிலைக் கட்டிய கைகளை இருவரும் பார்க்கவில்லை.

அக்கைகளைப் பார்ப்போம். ‘கலா’வைப் பற்றி நமக்கும் ஒரு கடுமையான குற்றச்சாட்டு உண்டு. பல நாட்டு வறியவர்களின் தாளத்தைப் பச்சையாகப் பெற்று, இலண்டன் நிறுவனம் ஒன்றின் பெயரில் முத்திரையிட்டு உலகச் சந்தையில் விற்பது, தேயிலையும் இறப்பரும் போன வழியே அல்லவா? கொழுந்து இங்கே, ஏலமும் பெயரும் வேறெங்கோ. இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டு அத்தொகுப்பை வாழ்த்துவது நேர்மையாகாது. எனினும் ஒரு வேற்றுமையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேனாட்டார் கீழ்நாட்டு வாத்தியத்தை எடுக்கும்போது வழக்கமாக அதைக் கறிக்குத் தாளிதம் போலத் தூவுவார்கள். அடித்தளம் அவர்களுடையதாகவே இருக்கும். ‘பேர்ட் ஃப்ளூ’வில் நிலைமை தலைகீழ். அங்கே உறுமியே அடித்தளம். இயந்திர ஒலிகள் அதற்கு இசைந்து ஓடுகின்றன. மெருகிடாமல், மூச்சிரைக்க, தெருவிற் கேட்பதுபோலவே அது ஒலிக்கிறது. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் அவ்வாண்டின் தலைசிறந்த தொகுப்பாக ‘கலா’வைத் தெரிந்தெடுத்தது. அப்போது அந்த வெற்றியில் ஒரு பங்கு, தமிழகத்தில் சாவு வீட்டிலும் குலசாமி கோயில் வாசலிலும் நிறுத்தப்பட்ட கலைஞரின் பங்கு. ஆனால் இத்தொகுப்பின் இரசிகரைக் கேட்டுப் பாருங்கள்: தயாரிப்பாளர்களாகிய ஸ்விச், டிப்லோ ஆகியோரின் பெயர்கள் நுனிநாவில் நிற்கும். உறுமி அடித்தவருள் ஒருவரின் பெயரேனும் சொல்லத் தெரிந்தவர் நம் கூட்டத்திலும் இல்லை.

இதனை ஒரு தொகுப்பின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளிவந்து உலகெங்கும் பரவியதை நாம் அறிவோம். அப்பாட்டின் மூலவேர் வள்ளியம்மாள் என்னும் மூதாட்டி. பாடகர் அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழகத்துக்குத் திரும்ப நேர்ந்த நிலமற்ற தொழிலாளி அவர். நம் லயத்திலிருந்து பிடுங்கி எறியப்பட்ட ஒரு வாழ்வு, பேரனின் பாட்டாக முளைத்தெழுந்தது. அதன் பின் நடந்தது என்ன? அவ்வாண்டு ஓகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு, அப்பாடலின் புகழைக் கொண்டாடிய அட்டையில் அறிவின் முகத்தை வைக்கவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலியோர் எதிர்ப்புக் குரல் எழுப்பிய பின்னரே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு அவரில்லாமல் ஒலித்தது. தம் உழைப்பைத் தாமே எடுத்துரைக்கும் நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனோ, அப்பாடலால் தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்றார். புகழ் ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம், உழைத்தவர் ஒரு பக்கம். தேயிலைப் பெட்டியில் சிங்க இலச்சினை இருக்கும், நிறுவனத்தின் பெயர் இருக்கும், மலையின் படமும் இருக்கும். கொழுந்தெடுத்தவளின் பெயர் இராது. பெட்டியில் உள்ள நியாயமே இசையிலும் நடக்கிறது.

இவையெல்லாம் சென்னையிலும் இலண்டனிலும் நடப்பவை என்று நாம் ஆறுதல் கொள்ளலாமா? நம் வீட்டு வாசலுக்கு வருவோம். மலையகத்தின் கருவி தப்பு. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் திரட்ட அதையே அடித்தார்கள். துரையின் கட்டளைக்கு அது குரலாயிற்று. சாவுக்கும் அதுவே, மாசியிற் காமன் கூத்துக்கும் அதுவே. ஒரே கருவி ஒடுக்குமுறையின் மணியாகவும், ஒடுக்கப்பட்டோரின் கூத்தாகவும் ஒலித்த வரலாறு இங்கே இருக்கிறது. அதை அடித்தவர் மட்டும் கூத்து முடிந்ததும் பந்தலுக்கு வெளியே இலை போடப்பட்டவர். சி.வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றினார். அந்த அளவு உழைப்பு, தப்பின் அடிகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நம் பாடசாலைகளோ வேறு உலகத்தில் வாழ்கின்றன. தமிழ்ப் பிள்ளைக்குப் பாடத்திட்டம் தரும் அழகியல் கர்நாடக சங்கீதமும் பரதமும். அவை உயர்ந்த கலைகள். அவற்றோடு நமக்குப் பகையில்லை. ஆனால் தப்படிப்பவரின் பேரன் அவ்வகுப்பில் அமர்ந்து, தன் தாத்தா செய்தது இசைப் பட்டியலிலேயே இல்லை என்பதை ஒவ்வொரு நாளும் எழுத்தில்லாத பாடமாகக் கற்கிறான். அடுத்த வளாகத்துச் சிங்களப் பாடசாலையில் சப்ரகமுவ நடனமும் அதற்குரிய தவுலும் பாடமாக உள்ளன. அங்கும் மேளம் அடித்து வந்தவர்கள் பெரவா என்று தாழ்த்தப்பட்ட சமூகத்தவரே. அவர்களுடைய மேளம் தேசியச் சின்னமாயிற்று. அவர்கள்மீதான இழிவு அதே வேகத்தில் ஒழியவில்லை என்பதும் உண்மை. மேளத்தை மேடையேற்றி, அடித்தவரைக் கீழே விடும் வித்தையை அரசு நன்கு அறியும். அதைக் கண்ட பின்னும், மேடையே வேண்டாம் என்பது விடையாகாது. கருவியும் கலைஞரும் சேர்ந்தே ஏற வேண்டும் என்பதே விடை. பெரவா சமூகத்துக் கலைஞரும் தோட்டத்துத் தப்பிசைக் கலைஞரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது யாருக்கு இலாபம் என்பதை நம் மாணவர் சிந்திக்கட்டும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. ‘எங்கள் தகப்பன்மார் அடிமையாய் அடித்த தப்பை நாங்கள் ஏன் மறுபடியும் தூக்க வேண்டும்?’ என்று கேட்கும் இளைஞர் நம் தோட்டங்களில் உண்டு. தமிழகத்திலும் பறையடிக்க மறுப்பதே விடுதலையின் முதற்படி என்று கொண்ட ஊர்கள் பல. அவர்கள் சொல்வது சரி. எவருடைய பிள்ளைக்கும் ‘இது உன் குலத்தின் கலை, நீ காப்பாற்று’ என்று கட்டளையிட நமக்கு உரிமை இல்லை. அது பழைய கட்டாயத்துக்குப் புதிய பெயர். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுப் பெண்கள் தாமே விரும்பிப் பறையைக் கையிலெடுத்தார்கள்; 2018 ஜனவரியிற் சென்னையில் முதன்முதல் மேடையேறிய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் பறையையும் ரொக் இசையோடு தாமே இணைத்தார்கள்; 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மசிறீ விருது வந்தது. இவை யாவும் தாமாக எடுத்த முடிவின் பலன்கள். ஆகவே ‘பறையைக் காப்போம்’ என்று முழங்கும் உயர்சாதி அன்பர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: முதலில் உங்கள் பிள்ளையின் தோளில் அதை மாட்டுங்கள். ஆசிரியரின் மகளும், தொழிற்சங்கத் தலைவரின் மகனும், கடை முதலாளியின் பேரனும் தப்பைப் பழகும் நாளில்தான் அது சாதியின் கருவி என்னும் நிலை நீங்கி, மக்களின் கருவியாகும்.

‘கலா’வை மீண்டும் கேட்பதன் பயன் இதுவே. அது நம்மைப் புகழ்ச்சிக்கு அழைக்கவில்லை. நம் செவியைச் சோதிக்கிறது. தோழர்களே, இதற்கு அமைச்சின் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் உயர்தர மாணவர் இருவர் மூவராகச் சேர்ந்து, தத்தம் தோட்டத்தில் எஞ்சியிருக்கும் முதிய தப்பிசைக் கலைஞரிடம் செல்லட்டும். எந்த அடிக்கு என்ன பெயர், எந்தச் சடங்குக்கு எந்த அடி, யாரிடம் கற்றார், பெரட்டுக்கு அடித்த நாளில் என்ன கூலி பெற்றார் என்று கேட்டு, கைபேசியிலேயே பதிவு செய்யட்டும். பதிவின் தலைப்பில் அக்கலைஞர் விரும்பும் விதத்தில் அவருடைய முழுப்பெயரை எழுதட்டும். அதைப் பிறருக்குக் கொடுப்பதா இல்லையா என்னும் உரிமை அவரிடமே இருக்கட்டும். அடுத்த கலைவிழாவுக்கு அவரை அழைக்கும்போது, நடுவருக்கும் நட்டுவனாருக்கும் கொடுக்கும் அதே கதிரையையும் அதே சன்மானத்தையும் அவருக்கும் கொடுங்கள். மறுப்பவர் யாரென்று அப்போது தெரியும். அவர்களோடு நடத்த வேண்டிய வாதத்துக்கு இவ்விதழின் பக்கங்கள் திறந்தே இருக்கும்.